நேர்ச்சைப் பிள்ளை

வில்லாபுரம், மதுரை
16.8.2024

அன்பு மகள் ஜாய்ஸுக்கு,

மரியே வாழ்க. அம்மா எழுதுகிறேன். நேற்று விண்ணேற்புத் திருநாள் திருப்பலி முடிந்து, அங்கிருந்து பள்ளிக்கூடம் போய்க் கொடியேற்றி, என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்து வீடு வந்து சேர்வதற்குள் கால் இரண்டும் வீங்கிவிட்டன. அப்பாதான் வெந்நீர் வைத்துக் கொடுத்தார். ஓய்வு பெற்ற பிறகு அவர் அடுப்படிக்குள் வரத் தொடங்கியிருக்கிறார். உப்பு டப்பா எங்கே என்று தினமும் கேட்கிறார். தினமும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

மடத்தில் செல்போன் கூடாது என்று நீ போனபோது எனக்கு எவ்வளவு வருத்தமாக இருந்தது தெரியுமா? இப்போது பழகிவிட்டது. தபால்காரர் என்னைக் கேலி செய்கிறார். "இந்தத் தெருவுல இன்லண்ட் லெட்டர் வாங்குறது நீங்க ஒரு ஆளுதேன் டீச்சர்" என்கிறார். வாங்கிவிட்டுப் போகிறேன், உனக்கு எழுதினால் மனசு நிறைகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மடத்துத் தலைவி மதர் எழுதிய கடிதம் வந்தது. உனக்கும் உன்னோடு பயிற்சியில் இருக்கிற இரண்டு நவதுறவிகளுக்கும், துறவற வாக்குக் கொடுக்கிற முதல் வார்த்தைப்பாடு வருகிற பிப்ரவரி இரண்டாம் தேதி என்று எழுதியிருக்கிறார். படித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தத் தேதியை நானா கேட்டேன்? தானாக வந்திருக்கிறது பார்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் இன்றைக்கு எழுதவேண்டும் போல இருக்கிறது. ஏழாம் மாதத்திலேயே பிறந்து நீ ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாய். உன்னைத் தொடக்கூட எனக்கு அனுமதி இல்லை. பிப்ரவரி இரண்டு, காணிக்கைத் திருநாளன்று காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் கோவிலுக்குள் நுழைந்தேன். எல்லோர் கையிலும் மெழுகுவர்த்தி எரிந்தது. யாரோ எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். குழந்தை இயேசுவை மாதாவும் சூசையப்பரும் கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்ததைச் சாமியார் வாசித்துக்கொண்டிருந்தார். நான் அழுதுகொண்டே சொன்னேன்: "ஆண்டவரே, இவள் எனக்கு இல்லை, உமக்குத்தான். எடுத்துக்கொள்ளும். ஆனால் உயிரோடு எடுத்துக்கொள்ளும்." அன்று சாயங்காலமே நீ முதல்முறையாகப் பால் குடித்தாய்.

அன்றிலிருந்து நம் கோவில் பங்கில் எல்லோருக்கும் நீ நேர்ச்சைப் பிள்ளை. அதே நாளில் இப்போது வார்த்தைப்பாடு கொடுக்கப் போகிறாய். இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

அப்பா உன் உடம்பைக் கேட்டார். நேரத்துக்குச் சாப்பிடு.

ஆசீர்வாதங்களுடன்,
அம்மா ஜோசபின்


நவதுறவியர் இல்லம்,
பேரையூர் வழி
9.10.2024

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

ஜாய்ஸ் எழுதுகிறேன். நலமாக இருக்கிறேன். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் வாரம் ஒருநாள் உண்டு. நான் முன்பு தொடமாட்டேன் என்று சொல்வேனே, இப்போது இரண்டு உருண்டை சாப்பிடுகிறேன்.

இங்கே நல்ல மழை. சோளக்காடு இடுப்பளவுக்கு வந்திருக்கிறது. சாயங்காலம் ஊர்ப்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். பாண்டிமீனா என்று ஒருத்தி, ஆறாம் வகுப்பு. "சிஸ்டர், நீங்க எப்பவும் வெள்ளச் சேலதேன் கட்டுவீங்களா? அழுக்காயிருமே?" என்று கேட்டாள். சிரித்துச் சமாளித்தேன்.

போன வாரம் ஒன்று நடந்தது. மடத்துத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற சுருளி அண்ணன் வீட்டில் கருப்பசாமிக்குக் கிடா வெட்டு. அவருடைய மனைவி இருளாயி அக்கா வந்து கூப்பிட்டதால் மதரோடு நாங்களும் போய்த் தள்ளி நின்றோம். கிடாவுக்கு மாலை போட்டிருந்தார்கள். தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். அது உடம்பைச் சிலுப்பினால்தான் சம்மதம் என்று அர்த்தமாம். அது சிலுப்பவில்லை. கொட்டு நின்றுவிட்டது. அம்புட்டுப் பேரும் கிடாவையே பார்த்தார்கள். மறுபடி தெளித்தார்கள். அது பாட்டுக்குப் பக்கத்தில் கிடந்த வேப்பங்குலையை மென்றுகொண்டிருந்தது. கடைசியில் சுருளி அண்ணன் கயிற்றை அவிழ்த்து, "அதுக்கு மனசு இல்லப்பா, விடுங்க. வேற ஒண்ணப் புடிச்சிட்டு வாங்க" என்றார். யாரும் கோபப்படவில்லை. அது காட்டுக்குள் ஓடிப்போனது.

இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

அம்மா, ஒன்று கேட்கவேண்டும். நான் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தபோது நீ வெளியில் நின்று என்னைப் பார்த்தாய் அல்லவா, அப்போது என்னிடம் ஏதாவது பேசினாயா? ஆண்டவரிடம் பேசியதைப் பல தடவை சொல்லியிருக்கிறாய். என்னிடம் பேசியதைச் சொன்னதில்லை.

அடுத்த மாதம் நாங்கள் வார்த்தைப்பாட்டுக்கான விண்ணப்பத்தை எழுதித் தரவேண்டும். அவரவர் கைப்பட எழுதவேண்டுமாம். எனக்காக வேண்டிக்கொள்.

அப்பாவிடம் உப்பு டப்பாவில் பெயர் எழுதி ஒட்டிக்கொள்ளச் சொல்.

அன்புடன்,
ஜாய்ஸ்


வில்லாபுரம்
28.10.2024

அன்பு மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. களி சாப்பிடுகிறாயா! அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். நம்பமாட்டேன் என்கிறார்.

கிடா வெட்டுப் பார்க்கவா உன்னை அனுப்பினேன்? மதரும் கூட வந்தார் என்று எழுதியிருக்கிறாய், அதனால் ஒன்றும் சொல்லவில்லை. ஊர்க்காரர்களை மதிப்பது நல்லதுதான். ஆனால் வார்த்தைப்பாட்டுக்கு முந்திய மாதங்களில் மனசை அங்கும் இங்கும் அலையவிடாதே.

இங்கே ஏற்பாடுகள் தொடங்கிவிட்டன. வேன் சொல்லியாகிவிட்டது. பங்கிலிருந்து இருபது பேராவது வருவார்கள். பக்கத்து வீட்டுக் கனகலட்சுமியும் வருகிறாள். அவள் பிறந்த ஊர் உங்கள் பேரையூர்ப் பக்கம்தானே. "எங்க ஊருக்குப் பக்கத்துல இம்புட்டுப் பெரிய விசேஷம் நடக்கு, நான் வராம இருப்பனா டீச்சர்?" என்கிறாள். தீபாவளி முறுக்குச் சுட்டு, உனக்கென்று தனியாக ஒரு டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறாள். அழைப்பிதழுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலே மாதா குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திக் கோவில் படியேறுகிற படம்.

மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கு இந்த வருடம் முன்கூட்டியே அந்தத் திருநாளைச் சொல்லிக்கொடுத்தேன். கிறிஸ்து பிறந்து நாற்பதாம் நாள், ஏழைகள் என்பதால் ஆட்டுக்குட்டிக்குப் பதிலாகப் புறாக்கள், கிழவர் சிமியோன் குழந்தையைக் கையில் வாங்கியது, மாதாவின் உள்ளத்தை ஒரு வாள் ஊடுருவும் என்று அவர் சொன்னது. அந்த இடம் வந்தால் என்னால் மேலே வாசிக்க முடியாது. அதோடு பாடத்தை முடித்துவிடுவேன். பிள்ளையைக் கொடுப்பது சும்மா இல்லை ஜாய்ஸ்.

உன் கேள்விக்கு என்ன பதில் எழுதுவது? அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்று என்ன பேசினேனோ, யாருக்கு நினைவிருக்கிறது? பயந்து போய் நின்றேன். அவ்வளவுதான் தெரியும். நீ ஏன் இப்போது இதையெல்லாம் கேட்கிறாய்?

விண்ணப்பத்தை நல்ல கையெழுத்தில் எழுது. உன் எழுத்து எப்போதும் கோட்டுக்கு மேலே ஏறும்.

அப்பா வழக்கம்போல, "பிள்ள நல்லா இருக்காளான்னு கேளு" என்கிறார். நல்லாத்தான் இருக்கிறாய் என்று நானே சொல்லிவிட்டேன்.

அம்மா


நவதுறவியர் இல்லம்
1.12.2024, திருவருகைக் காலம் முதல் ஞாயிறு

அன்புள்ள அம்மா,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு வாசி. அப்பாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

விண்ணப்பம் எழுத எங்கள் மூவருக்கும் ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாள் கொடுத்தார்கள். மற்ற இரண்டு பேரும் அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நானும் எழுதினேன். "நான் குழந்தையாக இருந்தபோது என் தாய் செய்த நேர்ச்சையின்படி" என்று ஆரம்பித்து ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மதர் வாசித்துவிட்டு, "ரொம்ப அழகா இருக்கு ஜாய்ஸ். ஆனா இது உங்க அம்மாவோட விண்ணப்பம். உன்னோடது எங்க?" என்று கேட்டார்.

"அம்மாவோட விருப்பந்தான் மதர் என்னோட விருப்பமும்" என்றேன்.

"அப்ப அம்மாவைப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்லாம எழுதிட்டு வா. அவசரமே இல்ல."

தோட்டத்தில் போய் உட்கார்ந்தேன். அம்மாவை எடுத்துவிட்டால் எனக்கு எழுத ஒரு வரிகூட வரவில்லை. அன்றைக்கு வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. தியானத்துக்கு வந்த அருட்தந்தையிடம் பேசினேன். கோவிலில் நற்கருணைக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். அம்மா, எனக்குச் செபம் பிடிக்கிறது. இந்தச் சகோதரிகளைப் பிடிக்கிறது. இங்கே எனக்கு யாரும் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் வாழ்நாள் முழுக்க இப்படி இருக்கவேண்டும் என்று எனக்குள்ளிருந்து ஒரு குரல் வரும் என்று காத்திருந்தேன். சின்ன வயதிலிருந்தே காத்திருந்தேன். எப்போது கேட்டாலும் உன் குரல்தான் கேட்கிறது.

போன வியாழக்கிழமை வெள்ளைத் தாளை அப்படியே கொண்டுபோய் மதரிடம் கொடுத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "வானதூதர் மாதாகிட்ட, பிள்ள பிறக்கப்போற செய்தியச் சொல்லிட்டு உடனே பறந்து போயிடல. அவங்க பதில் சொல்றவரைக்கும் நின்னார். கடவுளே பதிலுக்குக் காத்திருக்கிறவர்தாம்மா. நீ சொன்னதும் பதில்தான்" என்றார்.

நான் வார்த்தைப்பாடு கொடுக்கப்போவதில்லை அம்மா. வேன், அழைப்பிதழ், பங்கு மக்கள், எல்லாம் எனக்குத் தெரிகிறது. தெரிந்துதான் இத்தனை நாளாகக் கடிதம் எழுதாமல் இருந்தேன். என்னை நினைத்து நீ வெட்கப்படும்படி நான் எதுவும் செய்யவில்லை. உண்மையைச் சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான்.

அப்பாவையும் உன்னையும் பார்க்கவேண்டும் போல இருக்கிறது.

உன் மகள்
ஜாய்ஸ்


வில்லாபுரம்
9.12.2024

ஜாய்ஸுக்கு,

கடிதம் கிடைத்தது. வேனை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

ஜோசபின்


நவதுறவியர் இல்லம்
26.12.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். நேற்று மதர் தன் அலுவலகப் போனிலிருந்து எங்களை வீட்டுக்குப் பேசச் சொன்னார். அப்பாதான் எடுத்தார். பின்னால் நீ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. "அம்மா குளிக்கிறாம்மா" என்று அப்பா சொன்னார். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. பிறகு, "கேக்கு வந்துச்சா?" என்று கேட்டார். வந்தது. கனகலட்சுமி அத்தை அனுப்பிய முறுக்கும் வந்தது. எல்லோரும் பங்குபோட்டுச் சாப்பிட்டோம்.

நீ கோபமாக இருக்கிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் உன் பெயரை மட்டும் போட்டு எழுதியிருந்தாயே, அம்மா என்று போடாமல், அந்த எழுத்து நடுங்கியிருந்தது. என்ன பயமோ எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

இங்கே குடில் வைத்தோம். இருளாயி அக்கா வைக்கோல் கொண்டுவந்தார். குடிலைப் பார்த்துவிட்டு, "மாட்டுக் கொட்டத்துல பிள்ள பெத்துப் படுத்துக்கெடக்காளே இந்தப் பொம்பள, இவளுக்குக் காய்ச்சி ஊத்த ஒரு ஆளு இல்லையா?" என்று கண் கலங்கினார். நான் இத்தனை வருடம் குடில் பார்த்திருக்கிறேன். மாதா பச்சை உடம்புக்காரி என்று ஒருநாளும் தோன்றியதில்லை. உடனே உன்னைத்தான் நினைத்தேன். நீயும் அப்படித்தானே அம்மா, பச்சை உடம்போடு தினமும் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றிருக்கிறாய்.

எனக்கு உயிர் இருப்பதற்கு உனக்கும் ஆண்டவருக்கும் நன்றி. அது ஒருநாளும் மாறாது.

உன்
ஜாய்ஸ்


நவதுறவியர் இல்லம்
21.1.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

பொங்கலுக்குக் கடிதம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. பரவாயில்லை.

பிப்ரவரி இரண்டாம் தேதி மற்ற இரண்டு பேரும் வார்த்தைப்பாடு கொடுக்கிறார்கள். பாடலுக்கும் பூ அலங்காரத்துக்கும் நான்தான் பொறுப்பு. சந்தோஷமாகத்தான் செய்கிறேன். அதன்பிறகு நான் இங்கே தங்குவது சரியில்லை. புதுப் பிள்ளைகள் வருகிறார்கள். மதர் என்னிடம், "வீட்டுல என்னம்மா சொல்றாங்க?" என்று கேட்டார். இன்னும் பதில் வரவில்லை என்றேன். ஒத்தக்கடையில் நம் சகோதரிகள் நடத்துகிற வேலைபார்க்கும் பெண்கள் விடுதி இருக்கிறது. அங்கே உதவியாளராகத் தங்கிக்கொண்டு மேலே என்ன செய்வது என்று யோசிக்கலாம் என்கிறார். பிப்ரவரி இரண்டாவது வாரம் போகவேண்டும்.

ஒத்தக்கடை வில்லாபுரத்திலிருந்து தூரமில்லை. ஆனால் அதே மதுரையில் இருந்துகொண்டு வீட்டுக்கு வராமல் இருப்பது எனக்கு இங்கே இருப்பதைவிடக் கஷ்டமாக இருக்கும். உன்னைச் சங்கடப்படுத்த இதை எழுதவில்லை. நீ அழைக்காமல் நான் வரமாட்டேன் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். பங்கில் நாலு பேர் கேட்கும்போது பதில் சொல்லவேண்டியவள் நீதானே.

அப்பாவுக்கு என் முத்தம்.

ஜாய்ஸ்


வில்லாபுரம்
2.2.2025, ஞாயிற்றுக்கிழமை மதியம்

என் தங்கமே ஜாய்ஸ்,

கோவிலிலிருந்து வந்து புடவைகூட மாற்றாமல் எழுதுகிறேன். அப்பா சாப்பிடக் கூப்பிடுகிறார். பிறகு சாப்பிடலாம்.

உனக்கு இரண்டு மாதமாக நான் எழுதவில்லை. கோபம் இல்லை என்று நீயே கண்டுபிடித்திருக்கிறாய். பயம்தான். சொன்னால் சிரிப்பாய். ஆண்டவருக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்கினால் அவர் உன்னை எடுத்துக்கொண்டுவிடுவாரோ என்று பயந்தேன். நீ டவுன் பஸ்ஸில் போகிறதை நினைத்தாலும் பயம். உனக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று பயம். இருபத்து மூன்று வயசுப் பெண்ணை நான் இன்னும் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன்னை வா என்று நான் சொன்னால் அந்தப் பெட்டியின் மூடியை நானே திறந்துவிடுவதுபோல இருந்தது.

இன்றைக்குக் கோவிலுக்கே போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "நான் போறேன் ஜோசி. நீ வாரதுன்னா வா" என்றார். அவர் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. பின்னாலேயே போனேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். மெழுகுவர்த்தி கொடுத்தார்கள், நான் வாங்கவில்லை. அப்பா இரண்டு வாங்கி ஒன்றை என் மடியில் வைத்தார்.

இத்தனை வருடமும் இந்தத் திருநாள் பெரும்பாலும் வேலை நாளில்தான் வரும். காலைப் பூசை. எல்லோரும் வேலைக்கு ஓடவேண்டும் என்று சாமியார் சுருக்கமான வாசகத்தோடு முடித்துவிடுவார். இந்த வருடம் ஞாயிற்றுக்கிழமை. நிதானமாக முழுவதையும் வாசித்தார். சிமியோன் வந்தார். வாள் பற்றிச் சொன்னார். நான் அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் வாசகம் நிற்கவில்லை. கோவிலிலேயே கிடந்த கிழவி அன்னா வந்தார். அவரும் குழந்தையைப் பார்த்து ஆண்டவருக்கு நன்றி சொன்னார். அதற்கும் பிறகு, செய்யவேண்டியதையெல்லாம் செய்து முடித்துவிட்டு அவர்கள் தங்கள் ஊருக்கே திரும்பிப் போனார்கள், குழந்தை அங்கே வளர்ந்தது என்று வந்தது.

எத்தனை வருடம் மறைக்கல்வி நடத்தியிருக்கிறேன் ஜாய்ஸ். தெரியாத வரியா? ஆனாலும் இன்றைக்குத்தான் அது என் காதில் விழுந்தது. புறாக்களைக் கொடுத்தார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அப்படியென்றால் மாதாவும் அன்றைக்குச் சாயங்காலம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடையை எட்டிப் போட்டிருப்பாள்தானே? வழியில் பசியாற்றியிருப்பாள். வீட்டுக்கு வந்து குளிப்பாட்டியிருப்பாள். அவளிடமே திரும்பக் கொடுத்த ஆண்டவர், என்னிடம் மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவாரா?

அழுதுவிட்டேன். சத்தமாகவே அழுதுவிட்டேன் போல. முன் பெஞ்சிலிருந்து முனீஸ்வரி திரும்பினாள். போன வருடம் ஞானஸ்நானம் வாங்கிய பெண், உனக்குத் தெரியாது. அவளுக்கு விஷயம் தெரியாமல், "டீச்சர், இன்னைக்குத்தான உங்க மகளுக்கு வார்த்தைப்பாடு? நீங்க இங்க உக்காந்திருக்கீங்க?" என்றாள்.

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். அப்பா வாயைத் திறக்கப் போனார். அவர் சொல்வதற்குள் நானே சொல்லிவிட்டேன்: "என் பிள்ள வீட்டுக்கு வாராம்மா."

சொன்ன பிறகுதான் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. மெழுகுவர்த்தியை முனீஸ்வரியின் திரியிலேயே பற்றவைத்துக்கொண்டேன்.

உன்னை ஒப்புக்கொடுத்த அந்த நாளிலிருந்து இன்றுவரை நான் ஆண்டவருக்குப் பயந்தேனே தவிர, ஒருநாளாவது உன்னைத் தந்ததற்காகச் சும்மா உட்கார்ந்து நன்றி சொன்னேனா என்று யோசித்தேன். நீ நடந்ததற்கு, பள்ளிக்கூடம் போனதற்கு, கோட்டுக்கு மேலே ஏறுகிற அந்தக் கையெழுத்துக்கு. இன்றைக்குப் பூசை முடிகிறவரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லி முடியவில்லை.

உன் மதருக்கும் நன்றி சொல்லவேண்டும். நான் கேட்க மறந்ததை அவர் உன்னிடம் கேட்டிருக்கிறார்.

நீ அக்டோபரில் கேட்ட கேள்விக்குப் பதில். உன்னிடம் பேசினேன் ஜாய்ஸ். நினைவில்லை என்று எழுதினேனே, வேண்டுமென்றேதான் எழுதினேன். கண்ணாடியில் வாயை வைத்து, "சாப்பிடு தங்கம், வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்வேன். தினமும் அது ஒன்றைத்தான் சொல்வேன். ஆண்டவரிடம் பேசியதை ஊரெல்லாம் சொன்ன நான், உன்னிடம் சொன்னதை மட்டும் வெளியில் எடுக்கவில்லை. எடுத்தால் உன்னை அனுப்பியிருக்க முடியாது.

ஒத்தக்கடையும் வேண்டாம், எந்தக் கடையும் வேண்டாம். தபாலில் போட்டால் எப்போது வருமோ என்று அப்பாவே இதை நாளைக்குக் கையில் கொண்டுவருகிறார். அவரோடு கிளம்பி வந்துவிடாதே. சனிக்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. நானே வருவேன். கோவில் வரைக்கும் கொண்டுவிட்டது நான்தானே, நான் வந்துதான் கூட்டிக்கொண்டு வரவேண்டும்.

வந்து என்ன செய்யப்போகிறாய் என்று நான் கேட்கமாட்டேன். நீயே சொல்கிறபோது சொல். தெருவில் யாராவது ஏதாவது சொன்னால் நான் பார்த்துக்கொள்கிறேன். கனகலட்சுமி இப்போதே ஒரு சண்டைக்குத் தயாராக இருக்கிறாள்.

சாப்பாடு ஆறிவிட்டது. அப்பா மூன்றாம் தடவையாகக் கூப்பிடுகிறார்.

உன் அம்மா


நவதுறவியர் இல்லம்
3.2.2025

அன்புள்ள அம்மா,

அப்பா வரவேற்பறையில் காபி குடித்துக்கொண்டிருக்கிறார். அதற்குள் எழுதி அவர் கையிலேயே கொடுக்கிறேன். காலையில் கேட்டுக்குப் பக்கத்தில் காய்ந்த பூக்களைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் அப்பா. சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து, "உங்கம்மா குடுத்தா" என்று நீட்டினார். நின்றபடியே வாசித்தேன். நான் அழுது முடிக்கிறவரை விளக்குமாற்றை வாங்கி வைத்துக்கொண்டு, கொஞ்சம் கழித்து மிச்சத்தை அவரே பெருக்கத் தொடங்கிவிட்டார்.

நேற்று இங்கே வார்த்தைப்பாடு நன்றாக நடந்தது. அவர்கள் இரண்டு பேரும் "இதோ வருகிறேன்" என்று சொன்னபோது குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. எனக்குப் பொறாமை வரவில்லை. கையில் மெழுகுவர்த்தியோடு பாடிக்கொண்டிருந்தேன். நீயும் அதே நேரத்தில் அங்கே பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

மதரிடம் உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சனிக்கிழமை நீ சீக்கிரம் வந்தால் காலைப் பூசைக்கு எங்களோடு சேர்ந்துகொள்ளலாம். பூசைக்குப் பிறகு எல்லோரும் என் தலையில் கைவைத்து ஆசீர்வதித்து அனுப்புவார்களாம். என்னை உன் கையில் பிடித்துக் கொடுத்துத்தான் அனுப்பவேண்டும் என்று மதர் சொல்கிறார். இருளாயி அக்கா மதியம் வரை உன்னை விடமாட்டார். கோழி அடிக்கப் போகிறாராம்.

என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கும் தெரியவில்லை அம்மா. முதலில் ஒரு வாரம் தூங்கவேண்டும். பிறகு யோசிக்கிறேன்.

ஒன்று மட்டும் கொண்டுவா. இந்த வெள்ளைப் புடவையை இங்கேயே கொடுத்துவிட்டு வரவேண்டும். வந்தபோது போட்டிருந்த சுடிதாருக்குள் இப்போது கை நுழையவில்லை, களி செய்த வேலை. அதனால் எனக்குக் கட்ட ஒரு புடவை வேண்டும். எந்த நிறமானாலும் பரவாயில்லை என்று எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்திருக்கிறேன், பார். எனக்குக் கிளிப்பச்சை வேண்டும் அம்மா. அரக்குக் கரை போட்டது.

உன் மகள்
ஜாய்ஸ்